தாத்தாவின் கோல்ட் ரிவால்வர், பாட்டியின் பட்டன் பெட்டி: எந்த ஏலத்துக்குக் கொடுப்பது?

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் போனம்ஸ் நிறுவனம் ஒரு பழைய கோல்ட் ரிவால்வரை ஏலம் விட்டது (கோல்ட் என்பது அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் ஒன்றின் பெயர்). 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் ஷெரிஃப் பேட் காரெட், பேர்போன கொள்ளைக்காரன் பில்லி த கிட்டைச் சுட்டது அந்தத் துப்பாக்கியால்தான். 20 முதல் 30 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 60 லட்சத்து 30 ஆயிரத்துக்குப் போனது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 2013 நவம்பரில், இதே போனம்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு ரிவால்வரை மேடையேற்றியது. 1876-இல் டெட்வுட் என்ற ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்த, துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் சுடப்பட்டபோது அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அது. மதிப்பீடு 3 முதல் 5 லட்சம் டாலர். கேட்பு 2 லட்சத்து 20 ஆயிரத்தில் நின்றுவிட்டது. ரிசர்வ் விலையை (இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று முன்பே குறித்த விலை) எட்டாததால் துப்பாக்கி வந்த வழியே திரும்பிப் போனது.

புகழில் ஹிக்காக் பில்லிக்குச் சளைத்தவர் இல்லை. ஏலம் விட்ட நிறுவனமும் ஒன்றுதான். என் கணிப்பில் வித்தியாசம் காகிதத்தில், அதாவது பொருளின் கதைக்கு இருந்த எழுத்து ஆதாரத்தில் இருந்தது. காரெட்டின் துப்பாக்கி 1880 டிசம்பரில், பில்லியின் கூட்டாளி ஒருவனைப் பிடித்தபோது அவனிடமிருந்து எடுத்தது. பிறகு அது எல் பாசோவில் ஒரு மதுக்கடைக்காரரிடம் காட்சிக்கு இருந்தது. அவர் இறந்ததும் காரெட்டின் மனைவி அதைக் கேட்டு வழக்குப் போட்டு மீட்டார். ஒரு பொருள் யாருடையது என்று நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி ஏலத்துக்கு வேறு என்ன வேண்டும்? ஹிக்காக்கின் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஒரு குடும்பம் சொல்லிவந்த கதை.

அமெரிக்காவில் எல்லைப்புறக் காலத்துப் பொருள்களையும் (மேற்கில் குடியேற்றம் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு) தேர்தல் பொருள்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒரு தலைமுறை இப்போது வயதாகி மறைந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளின் கையில் வந்து சேர்வது ஒரு கலவை: ஒரு கோல்ட், தகரத்தில் எடுத்த ஒரு பழைய போட்டோ, இழுப்பறை நிறையச் சட்டையில் குத்திக்கொள்ளும் தேர்தல் பிரசார பட்டன்கள், கழுகு இறகு வைத்த ஒரு பூர்வகுடித் தலைக்கட்டு, லிங்கன் கையெழுத்தோடு ஒரு தாள். இதை விற்க முடிவு செய்தால் ஐந்து வழிகள் உண்டு: பெரிய ஏல நிறுவனம், ஒரே துறையில் நிற்கும் சிறப்பு ஏலம், வியாபாரியிடம் மொத்த விலை, தானே ஆன்லைனில் விற்பது, அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது. எல்லாவற்றையும் ஒரே வழியில் அனுப்புவதுதான் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது, அதில்தான் பணம் போகிறது என்பது என் கட்சி.

முதலில் பெரிய நிறுவனங்கள். நியூயார்க்கின் சதபீஸ், மேலே சொன்ன போனம்ஸ், டாலஸை மையமாகக் கொண்ட ஹெரிடேஜ், சிகாகோ நிறுவனம் ஒன்றும் ஃபிலடெல்ஃபியா நிறுவனம் ஒன்றும் சேர்ந்து உருவான ஃப்ரீமன்ஸ் ஹிண்ட்மன். இவற்றின் பலம் செய்தி. 2025 மே மாதம் ஃப்ரீமன்ஸ் ஹிண்ட்மன் சிகாகோவில் 144 லிங்கன் பொருள்களை விற்றபோது, அவர் சுடப்பட்ட இரவில் கையோடு வைத்திருந்த, ரத்தக்கறை படிந்த தோல் கையுறைகள் 15 லட்சம் டாலரைத் தாண்டின. மொத்த விற்பனை 79 லட்சம் டாலரை ஒட்டி வந்தது. அப்படிப்பட்ட பொருளுக்கு உலகம் முழுக்கப் பத்திரிகைக் கவனம் கிடைப்பது பெரிய நிறுவனத்தில்தான்.

ஆனால் செய்தியில் வரும் விலை குடும்பத்துக்குக் கிடைக்கும் விலை இல்லை. சுத்தியல் விழும் விலைக்கு, அதாவது கடைசிக் கேட்புக்கு மேல், வாங்குபவர் பிரீமியம் கட்டுகிறார். நிறுவனத்தையும் தொகையையும் பொறுத்துப் பெரும்பாலும் 20 முதல் 28 சதவீதம் வரை. பத்திரிகையில் அச்சாவது இந்த இரண்டும் சேர்ந்த தொகை. விற்பவரிடமிருந்தும் தனியாகக் கமிஷன் உண்டு. உதாரணமாகச் சுத்தியல் ஒரு லட்சம் டாலரில் விழுந்தது, பிரீமியம் 25 சதவீதம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் 1,25,000 கொடுக்கிறார், குடும்பத்துக்கு வருவது 90,000, நடுவில் 35,000 நிறுவனத்துக்கு. இதற்கு மேல் போட்டோ, இன்ஷூரன்ஸ், போக்குவரத்து என்று தனித்தனிக் கட்டணங்கள். இவை எல்லாமே பேரம் பேசக்கூடியவை. உண்மையிலேயே பெரிய பொருள் வைத்திருப்பவரிடம் விற்பவர் கமிஷனே வாங்க மாட்டார்கள். சில சமயம் பிரீமியத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பிக் கொடுப்பார்கள். அச்சடித்த ஒப்பந்தத்தை அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்தான் முழுக் கட்டணமும் கட்டுகிறார்.

பெரிய நிறுவனத்தின் பலவீனம் சின்னப் பொருளில் தெரியும். 40, 50 டாலர் மதிப்புள்ள முந்நூறு பட்டன்களை அவர்கள் தனித்தனியாகக் கேட்லாக் செய்யப் போவதில்லை. 'தேர்தல் பட்டன்கள், பலவகை' என்று ஒரே லாட்டாக (ஒன்றாக ஏலம் விடும் தொகுதி) கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டுக்குள் ஒரு அரியது கிடந்தால், அதைக் கண்டுபிடித்த வாங்குபவர் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சிறப்பு ஏலங்கள் இங்கேதான் வேறுபடுகின்றன. பட்டன் உலகத்தில் எல்லோரும் பேசும் பொருள் 1920 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் காக்ஸ், துணை அதிபர் வேட்பாளர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இருவர் முகமும் சேர்ந்த பட்டன். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியிடம் காசில்லை, இருவர் படமும் சேர்ந்த பட்டன் மிகக் கொஞ்சமாகத்தான் அடிக்கப்பட்டது, தேர்தலிலும் படுதோல்வி. அதனால்தான் இப்போது அதற்கு இந்த மவுசு. அதில் ஒன்று 2022-இல் பென்சில்வேனியாவின் ஹேக்ஸ் நிறுவனத்தில் ஒன்றே முக்கால் லட்சம் டாலருக்கு மேல் போனது. 1967-இல் தொடங்கிய ஹேக்ஸ் ஆரம்பம் முதலே பட்டன்களோடு பழகிய இடம். அமெரிக்க அரசியல் பொருள் சேகரிப்போர் சங்கம் 1945 முதல் இருக்கிறது. இந்தப் பட்டனுக்காகக் காத்திருப்பவர்கள் யார் யார் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏலத்துக்குத் தேவை ஆயிரம் பேர் இல்லை. விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேர் எந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

எல்லைப்புறப் பொருளிலும் அதே கதை. பில்லி த கிட்டின் படம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே தகரப் போட்டோ, பில்லி தன் நண்பர் ஒருவருக்குக் கொடுத்து, அந்தக் குடும்பத்தின் வழியாகவே வந்தது. 2011 ஜூனில் அது விற்கப்பட்டது நியூயார்க்கில் இல்லை, டென்வரில் பிரையன் லெபல் நடத்திய பழைய மேற்கு ஏலத்தில். மூன்று, நான்கு லட்சம் போகும் என்று நினைத்தது 23 லட்சம் டாலருக்குப் போனது. இல்லினாயின் ராக் ஐலண்ட் நிறுவனத்துக்குத் துப்பாக்கிதான் தொழில். தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரை அவர்கள் 2022 டிசம்பரில் 9 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். நெவாடாவின் ரீனோவில் ஹோலபேர்ட் என்ற சிறிய நிறுவனம் தங்கவேட்டைக் காலத்துப் பொருளுக்குப் பேர் போனது. 1857-இல் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த, சுரங்கத் தொழிலாளர் அணியும் வகைக் கால்சட்டை ஒன்றை 2022-இல் 1,14,000 டாலருக்கு விற்றது. பெரிய இடத்தில் இந்தக் கால்சட்டைக்கு அரைப்பக்கம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

சிறப்பு நிறுவனத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஊழியர் குறைவு, பணம் வந்துசேரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும், சிலர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஏலம்தான் நடத்துகிறார்கள். ஜனவரியில் கொடுத்த பொருளுக்கு அடுத்த வருடம் காசு வருவதும் நடக்கும். அவசரம் இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய குறை இல்லை.

வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசு அன்றே கைக்கு வரும். விலை சந்தை விலையில் பாதி, சில சமயம் அதற்கும் கீழ். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி இருந்தாலோ, மீதமிருப்பது சாதாரணச் சரக்காக இருந்தாலோ சரியான முடிவுதான். முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வியாபாரிக்கு மட்டும் அன்றே சரி சொல்ல வேண்டாம்.

ஆன்லைனில் தானே விற்பது பட்டன்களுக்குப் பொருந்தும், பொறுமை இருந்தால். ஈபே மாதிரித் தளத்தில் கட்டணம் 13 சதவீதத்தை ஒட்டி வரும். துப்பாக்கிகளை அங்கே விற்க முடியாது. வயதானது எல்லாம் விலை போகும் என்ற எண்ணம் இங்கேதான் உடையும். செல்லுலாய்ட் (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) பூசிய பட்டனுக்கு நியூ ஜெர்சி மாநிலம் நூவர்க்கின் வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896-இல் காப்புரிமை வாங்கியது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் மோதிய மெக்கின்லி, பிரையன் இருவரும் வண்டி வண்டியாக அடித்துத் தள்ளினார்கள். நூற்று முப்பது வயதான மெக்கின்லி பட்டன் இன்றும் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். 1950-களில் ஐசன்ஹோவருக்காக அடித்த 'ஐ லைக் ஐக்' பட்டனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

போலிகளும் இங்கேதான் அதிகம் மாட்டும். 1968-இல் க்ளீனெக்ஸ், 1972-இல் ஒரு எண்ணெய் நிறுவனம் என்று விளம்பரத்துக்காகப் பழைய தேர்தல் பட்டன்களின் நகலை அடித்து விநியோகித்தார்கள். ஏமாற்றும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. விளிம்பில் அடையாளமும் போட்டிருந்தார்கள். பிறகு கைமாறியவர்கள் அந்த விளிம்பைச் சுரண்டிவிட்டார்கள், அல்லது பெயின்ட் அடித்து மறைத்தார்கள். 1973-இல் வந்த சட்டப்படி நகல் அரசியல் பொருளில் தயாரித்த ஆண்டு பதிந்திருக்க வேண்டும். ஒரு எளிய சோதனை: நேரடியாகத் தகரத்தில் அச்சடிக்கும் முறை பரவலானது 1916, 1920 வாக்கில்தான். மெக்கின்லியின் முகம் செல்லுலாய்ட் இல்லாமல் தகரத்திலேயே அச்சாகியிருந்தால் அது பிற்கால நகல். எல்லைப்புறப் பக்கத்தில் இதற்கு இணையானது வெல்ஸ் ஃபார்கோ என்ற பழைய வங்கி, குதிரைவண்டி நிறுவனத்தின் பெயர் போட்ட பித்தளை பெல்ட் பக்கிள்கள். 1960-களில் புதிதாக அடித்துப் பழசாக்கி விற்றவை, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அருங்காட்சியகம் பற்றிப் பலருக்கு ஒரு மரியாதையான கற்பனை இருக்கிறது: கொடுத்துவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் என்றைக்கும் இருக்கும் என்று. லிட்டில் பிக்ஹார்னில் 1876-இல் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில், அமெரிக்கத் தளபதி கஸ்டரும் அவருடைய ஏழாம் குதிரைப்படையின் ஒரு பகுதியும் அழிந்த களத்தில் கிடைத்த ஒரு படைக்கொடியை டெட்ராய்ட் கலை நிறுவனம் 1895-இல் 54 டாலருக்கு வாங்கியது. 2010 டிசம்பரில் சதபீஸ் மூலம் 22 லட்சம் டாலருக்கு அவர்களே விற்றுவிட்டார்கள். மேலே சொன்ன லிங்கன் கையுறைகளும் ஒரு காலத்தில் இல்லினாயில் லிங்கன் நூலக அருங்காட்சியகத்துக்காக அதன் அறக்கட்டளை வாங்கிய தொகுப்பிலிருந்து வந்தவைதான். 2007-இல் கடன் வாங்கி வாங்கினார்கள், அடைக்க முடியவில்லை, கடைசியில் ஏலம். இது குற்றம் இல்லை. ஆனால் என்றைக்கும் என்ற வார்த்தையை நம்பிக் கொடுப்பவர் அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. பெரும்பாலான அருங்காட்சியகங்கள் நிபந்தனை போட்ட பொருளை ஏற்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வரிக் கணக்குதான் நன்கொடையை உண்மையான போட்டியாளர் ஆக்குகிறது. அமெரிக்க மத்திய வரியில் சேகரிப்புப் பொருளின் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி உண்டு. பங்குகளுக்கு 20-தான் உச்சம். தாத்தா 1965-இல் 200 டாலருக்கு வாங்கியதை அவரே இன்று விற்றால் இந்த வரி முழுசாக விழும். அவர் இறந்து பேரனுக்கு வந்தால் இறந்த நாளின் சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கணக்காகும். உடனே விற்றால் லாபமே பெரிதாக இருக்காது. ஆகவே உயிரோடு இருக்கும் சேகரிப்பாளருக்கும் வாரிசுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. உயிரோடு இருப்பவர், அந்தப் பொருளைத் தன் நோக்கத்துக்கே பயன்படுத்தும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால், நீண்டகாலம் வைத்திருந்த பொருளுக்கு முழுச் சந்தை மதிப்பையும் வருமானத்தில் கழிக்கலாம். 5,000 டாலருக்கு மேல் என்றால் தகுதியான மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அருங்காட்சியகம் மூன்று ஆண்டுக்குள் விற்றுவிட்டால் சலுகையின் ஒரு பகுதி திரும்பிப் போகலாம். நல்ல விலைக்கு விற்றுப் பாதியை வரியாகவும் கமிஷனாகவும் இழப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிலருக்கு நன்கொடைதான் லாபம்.

இனி அந்தத் தலைக்கட்டு. இதற்கு ஐந்து வழியில் நாலு அடைபட்டவை. வழுக்கைத் தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இறகு உள்ள எந்தப் பொருளையும் அமெரிக்காவில் விற்கக் கூடாது, எத்தனை பழையதாக இருந்தாலும். கழுகுகளைக் காக்கும் சட்டம் வருவதற்கு முன்பே கைக்கு வந்த பொருளை விற்கத் தடை போடுவது நியாயமா என்று வியாபாரிகள் தொடுத்த வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு முந்தையதை வைத்திருக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், தானம் செய்யலாம். காசு மட்டும் வாங்க முடியாது. தாத்தாவின் பட்டியலில் அதற்கு எதிரே 80,000 டாலர் என்று எழுதியிருந்தாலும் அது காற்றில் எழுதியது.

இறகு இல்லாத புனிதப் பொருள்களிலும் கவனம் வேண்டும். 1990-இல் வந்த சட்டம் கல்லறைப் பொருள்களையும் பழங்குடிகளின் பொதுச்சொத்தான சடங்குப் பொருள்களையும் காக்கிறது. வெளிநாட்டில் விற்றால் தப்பலாம் என்று ஒரு காலத்தில் பாரிஸுக்குப் போனார்கள். 2013 ஏப்ரலில் அரிசோனாவின் ஹோப்பி பழங்குடி மக்கள் எதிர்த்தும் அவர்களுடைய புனித முகமூடிகள் அங்கே ஏலம் போயின. அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த ஏலம் வந்தபோது அமெரிக்காவின் ஆனன்பர்க் அறக்கட்டளை 24 பொருள்களை ஏலத்தில் எடுத்து உரிய பழங்குடிகளிடமே ஒப்படைத்தது. 2022 டிசம்பரில் இப்படிப்பட்ட பொருள்களை ஏற்றுமதி செய்வதையே தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், இது எப்படி இந்தக் குடும்பத்துக்கு வந்தது என்று அந்தப் பொருளுக்குரிய பழங்குடியின் அலுவலகத்திடம் முதலில் கேட்பதுதான் முறை. விற்கலாம் என்று தெளிவான மணிவேலைப் பைகள், கம்பளங்கள் நிறைய உண்டு. அவற்றுக்குச் சந்தையும் உண்டு.

லிங்கன் தாளுக்கும் இப்படி ஒரு சிக்கல் வரலாம். அரசு அலுவலகக் கோப்பிலிருந்து எப்போதோ போன காகிதம் என்றால் அரசு திரும்பக் கேட்கும். உள்நாட்டுப் போரின் கடைசியில், 1865-இல் ஒரு வடக்குப் படைவீரர் வட கரோலினா தலைநகரிலிருந்து எடுத்துச்சென்ற, அரசியலமைப்பின் உரிமைச் சாசனப் பிரதியை, 138 ஆண்டு கழித்து, 2003-இல் எஃப்பிஐ பொறி வைத்து மீட்டது. தனிப்பட்ட கடிதம் என்றால் பிரச்சினை இல்லை. கையெழுத்து உண்மையா என்பது தனிக் கேள்வி. லிங்கன் கையெழுத்தைப் போலி செய்தே பிழைத்தவர்கள் 1930-களிலேயே இருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சந்தையில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரம் இருக்கிறது. பல ஆண்டுகள் மேயராக இருந்த ஸ்டீஃபன் ரீட், நகருக்கு ஒரு வைல்ட் வெஸ்ட் அருங்காட்சியகம் கட்டும் கனவில் பொதுப்பணம் சுமார் 80 லட்சம் டாலர் செலவழித்து ஆயிரக்கணக்கான பொருள்களை வாங்கிக் குவித்தார். அருங்காட்சியகம் கட்டப்படவே இல்லை. நகரம் கடனில் மூழ்கியது. 2013 ஜூலையில் கர்ன்ஸீஸ் என்ற ஏல நிறுவனம் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து கையிலிருந்ததை விற்றது. கிடைத்தது செலவழித்ததில் பாதிகூட இல்லை. வாங்கும்போது விசாரிக்காமல் வாங்கியது பாதிக் காரணம். நிறையப் பொருளின் கதை சந்தேகத்துக்கு உரியது என்று ஏலத்துக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீதிக் காரணம் எண்ணிக்கை. குறிப்பிட்ட சில நூறு பேரே வாங்கும் சந்தையில் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான லாட்கள் வந்தால், வியாழக்கிழமைக்குள் அவர்கள் கையில் காசு தீர்ந்துவிடாதா?

சரி, அந்தக் கலவைப் பெட்டியைக் கொண்டு வந்தால் நான் என்ன சொல்வேன்? முதலில் எதையும் துடைக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம். கோல்ட் நிறுவனத்துக்கு சீரியல் நம்பரை எழுதினால், அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். அதை வாங்கிவிட்டுத்தான் ஏலத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1898 அல்லது அதற்கு முன் செய்ததென்றால் மத்தியச் சட்டத்தில் அது பழம்பொருள், கைமாற்றுவது எளிது. பெயர் பெற்ற ஆளோடு காகிதம் கோத்திருந்தால் ராக் ஐலண்ட், போனம்ஸ் இருவரிடமும் எழுத்தில் விலைப்பேச்சுக் கேளுங்கள். காகிதம் இல்லை, கதை மட்டும்தான் என்றால் சாதாரணக் கோல்ட்டாக விற்றுவிடுங்கள். கதையோடு உயர்ந்த ரிசர்வ் வைத்து விற்காமல் திரும்பினால், அடுத்த சில ஆண்டுகளுக்கு எல்லோருக்கும் அந்தத் தோல்வி ஞாபகம் இருக்கும்.

போட்டோவில் இருப்பது யார் என்று முகச்சாயலை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். பில்லி கிராக்கே (மரச்சுத்தியால் பந்தைத் தட்டும் புல்தரை விளையாட்டு) விளையாடுவதாகச் சொல்லப்படும் ஒரு தகரப் போட்டோவை கலிஃபோர்னியாவில் ஒருவர் சுமார் 2 டாலருக்கு வாங்கினார். 50 லட்சம் மதிப்பு என்று தொலைக்காட்சி வரை போனது. துறையில் பலர் இன்னும் ஏற்கவில்லை. பட்டன்களில் மேலான இருபது, முப்பதை ஹேக்ஸ் மாதிரி இடத்துக்கும், மீதியை ஈபேக்கோ வியாபாரிக்கோ. தலைக்கட்டு சந்தைக்கு வெளியே.

ஒப்பந்தம் வந்ததும் விலை மதிப்பீட்டைப் பார்ப்பதற்கு முன் சில வரிகளைத் தேடுங்கள். விற்காத லாட்டுக்குக் கட்டணம் உண்டா, மனம் மாறித் திரும்ப எடுத்தால் அபராதம் எத்தனை சதவீதம், ரிசர்வ் விலையை உங்கள் சம்மதம் இல்லாமல் குறைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம், ஏலத்தில் எடுத்தவர் காசு கட்டாமல் போனால் யார் பொறுப்பு. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பதில் நிறுவனத்துக்குச் சாதகமாகவே இருக்கும். பெரிய பொருள் வைத்திருப்பவர் அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் மாற்றுகிறார்கள்.